நெரிசல் சாவுக்கு வாசலைக் கேளுங்கள்

வெள்ள நிவாரணமோ இலவச வேட்டி சேலையோ, ஒரே வாசலில் ஒரே நேரத்தில் ஆள் கூட்டிக் கொடுப்பதை வட சென்னையில் இனி யாரும் செய்யக் கூடாது. இதுவே எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு. அரசு, கட்சி, கோயில், கம்பெனி யாரும் இதற்கு விலக்கில்லை.

2005 நவம்பரில் வியாசர்பாடியில் வெள்ள நிவாரணம் வாங்கப் போன இடத்தில் ஆறு பேர் செத்தார்கள். பாடம் படிக்க ஆறு வாரம் இருந்தது. டிசம்பர் 18 விடியற்காலை எம்.ஜி.ஆர். நகர் பள்ளி வாசலில் 42 பேர் போனார்கள். நிவாரண டோக்கன் அன்றோடு சரி என்ற வதந்தியை நம்பி இரவே வந்து காத்திருந்தவர்கள் அவர்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. முன்னால் ஆள் விழுந்தது பின்னால் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? ‘முண்டியடித்தார்கள்’ என்று எழுதிவிடுவது சுலபம். கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று நெரிசலில் 41 பேர் இறந்தபோதும் சிலர் அதைத்தான் சொன்னார்கள். நாங்கள் ஏற்கவில்லை.

வேறு வழி உண்டு. 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தேதியும் நேரமும் எழுதிய டோக்கன் கொடுத்து, ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் தந்தார்கள். வரிசையும் இருந்தது, வாய்ச்சண்டையும் இருந்தது. ஆனால் ஊரே ஒரு கேட்டில் போய் நிற்கவில்லை.

வாசல் மட்டுமல்ல, சந்தும் கொல்லும். தென் கொரியாவின் சோல் நகரில், இடேவோனில் 2022-இல் 150 பேருக்கு மேல் நெரிசலில் செத்தது சுமார் நாலு மீட்டர் அகலச் சந்தில். ராயபுரத்தில் அதைவிடக் குறுகலான சந்துகள் எத்தனையோ. திருவொற்றியூர் மாசித் தேருக்கும், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வரும் காசிமேட்டு மீன் சந்தை ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் போக ஒரு வழி, வர ஒரு வழி வேண்டும். கண்டெய்னர் லாரிகளை ஓரங்கட்டி, ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் போகும் பாதையை போலீஸ் முன்கூட்டியே திறந்து வைக்க வேண்டும்.

சிக்கிக்கொண்டால்: நெரிசலில் பலர் மிதிபட்டுச் சாவதில்லை, நின்றபடியே நெஞ்சு அமுங்கி மூச்சுத் திணறிச் சாகிறார்கள். முழங்கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள், தள்ளல் ஓயும்போது குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். சுவரோடு ஒட்டி மாட்டிக்கொள்ள வேண்டாம். செருப்பு போனால் போகட்டும், குனியாதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

கொடுக்க நினைப்பவர்களே, மேடை போடாதீர்கள். தெருவுக்கு வாருங்கள், வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க எங்கள் ஆட்கள் கூட வருவார்கள்.