நன்னியும் பேரனும் ஓதும் ஒரே சூரா



பொத்தேரியில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்படிப்பட்ட வீடுகள் பெருகிவிட்டன. மகன் துபாயிலோ அமெரிக்காவிலோ உழைத்து வாங்கிய வீடாக இருக்கும். வசிப்பவர்களோ அவருடைய பெற்றோர் மட்டுமே. கூடத்தில் பேரப்பிள்ளைகளின் படங்கள். மேசைமேல் சார்ஜ் ஏறியபடி கைப்பேசி.

மஃரிபுக்குப் பின் நாம் மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து முடித்த ஒரு மாலையில், அப்படிப்பட்ட வீட்டு மூதாட்டி ஒருவர் வாசலில் காத்திருந்தார். "ஹஜ்ரத், பேரன் வீடியோவுல வந்தா என்ன பேசுறதுன்னே தெரியல. சாப்பிட்டியாம்மான்னு கேட்டா 'யெஸ்'ங்கிறான். அதுக்கு மேல எனக்கு இங்கிலீஷ் வராது, அவனுக்குத் தமிழ் வராது. ரெண்டு நிமிஷத்துல ஓடிப்போயிடுறான்" என்றார். சொல்லும்போது சிரித்தார். ஆனால் கண்கள் சிரிக்கவில்லை.

இதைக் கேட்டால் நம்மில் பலர் உடனே கைப்பேசியைத்தான் குறை கூறுவோம். அது நியாயமில்லை. நம் சமுதாயத்துக்குத் தூரம் புதியதன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஆண்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய காலத்தில், தமிழ் எழுத்துப் பயிலாத பெண்களும் குர்ஆன் ஓதக் கற்றிருந்தார்கள். அந்த அரபு எழுத்திலேயே தமிழை எழுதினார்கள். அரபுத் தமிழ்க் கடிதங்கள் கடல் கடந்து போய் வந்தன. பிறகு வளைகுடாவுக்குப் போனவர்கள் ஒலிநாடாவில் குரலைப் பதிந்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். வீட்டார் எல்லோரும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். அந்தக் கடிதமும் ஒலிநாடாவும் ஸலாத்துடன் தொடங்கின.

இன்றைய அழைப்போ "ஹலோ, கேக்குதா? முகம் தெரியல, கேமராவைத் திருப்பு" என்று தொடங்குகிறது. சிறிய விஷயம்தானே என்று தோன்றலாம். நாம் அப்படி எண்ணவில்லை. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) தமது 'அல்அத்கார்' நூலில், சுவருக்கோ திரைக்கோ பின்னாலிருந்து ஒருவர் ஸலாம் கூறினாலும், கடிதத்தில் எழுதி அனுப்பினாலும், அது வந்து சேர்ந்ததும் பதில் கூறுவது கடமை என்று விளக்கியுள்ளார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள், ஜிப்ரீல் (அலை) உமக்கு ஸலாம் கூறுகிறார் என்றபோது, தம் கண்ணுக்குத் தெரியாத அவருக்கும் அன்னை பதில் ஸலாம் கூறினார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. எதிரில் இல்லாதவருடனும் உறவாடும் ஒழுங்கை மார்க்கம் கைப்பேசிக்கு வெகுகாலம் முன்பே வகுத்துவிட்டது. துபாயிலிருந்து ஐந்து வயதுக் குழந்தை சொல்லும் ஸலாமும் அந்த ஒழுங்குக்குள் வருவதே.

அந்த மூதாட்டிக்கு நாம் ஒன்றே ஒன்று சொன்னோம். பேரனுக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம்; குல்ஹுவல்லாஹு சூரா தெரியும். உங்களுக்கும் தெரியும். அழைப்பு வந்ததும் சாப்பிட்டாயா என்று கேட்காதீர்கள். ஸலாம் சொல்லி, "நன்னிக்கு ஒரு சூரா ஓதிக் காட்டு" என்று கேளுங்கள்.

அழைப்புக்கு ஒரு நேரம் குறிப்பதே முதலில் பெரும்பாடாகிவிட்டது. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்ப முடிந்தாலும், அழைப்புக்கு நெடுங்காலமாகத் தடை இருக்கிறது. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலி வேண்டும். அதை மூதாட்டியின் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தது நம் மக்தபில் ஓதும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். முன்பெல்லாம் ஜும்ஆ தொழுதுவிட்டு மகன் அழைப்பாராம். 2022 ஜனவரியில் அங்கே வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியதிலிருந்து அந்த வழக்கமும் குலைந்துபோயிருந்தது. இப்போது சனிக்கிழமை, நமக்கு மாலை ஐந்து மணி, அவர்களுக்கு மூன்றரை.

மூன்றாம் வாரம் அவர் மீண்டும் வந்தார். பேரன் ஓதினானாம். பிறகு நன்னியை ஓதச் சொன்னானாம். ஓதும்போது இடையில் நிறுத்தி, "நன்னி, அது ஸீன் இல்லை, ஸாத்" என்று திருத்தினானாம். அங்கே அவனுக்குத் தஜ்வீதோடு கற்பிக்கிறார்கள். அறுபது ஆண்டுகளாக ஓதிவந்த எழுத்தை ஒரு பொடியன் திருத்திவிட்டதை அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்! சிரமப்பட்டு, திக்கித்திக்கி ஓதுபவருக்கு இரு நன்மைகள் உண்டு என்ற நபிமொழியை நாம் நினைவூட்டினோம். "அப்போ பேரன்கிட்டயே ஓதிக்கிறேன் ஹஜ்ரத்" என்றார். நமக்கு ஒரு மாணவி குறைந்தார், வருத்தமில்லை.

இதைப் படிக்கும் வெளிநாட்டு மகன்களிடமும் மகள்களிடமும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். வாராவாரம் முகத்தைக் காட்டிவிட்டோம், பெற்றோரின் உரிமை நிறைவேறிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மகள் ஸைனப் (ரலி) அவர்களின் குழந்தை உமாமாவைச் சுமந்தபடியே தொழுதார்கள். ஸஜ்தாவின்போது கீழே இறக்கி, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். அந்தப் பாரத்தை எந்தத் திரையும் தராது. தாய் கேமராவுக்கு முன் அமரும்போது தலையில் முந்தானையைச் சரிசெய்து, முகம் கழுவி, நலமாகவே இருப்பார். முழங்கால் வீங்கியிருப்பது சட்டத்துக்குள் வராது. பணம் அனுப்பும் தேதியை மறவாதவர்கள், விடுமுறைக்கு விமானச்சீட்டு எடுக்கும்போது மட்டும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பது ஏன்? பள்ளி விடுமுறையில் குழந்தைகளை ஒரு மாதமாவது இங்கே விட்டுவையுங்கள். தமிழும் வரும்.

சென்ற சனிக்கிழமை அந்த வீட்டுக்குச் சென்றிருந்தோம். அழைப்பு வர இன்னும் கால்மணி நேரம் இருந்தது. மூதாட்டி கண்ணாடி அணிந்து குர்ஆனைத் திறந்து வைத்திருந்தார். அன்றைய பாடம் 'ஃபீல்' சூராவாம். பேரன் கேட்பதற்கு முன் ஒருமுறை ஓதிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று நம்மிடம் ஓதிக் காட்டினார். ஓரிடத்தில் தவறியது. நாம் திருத்தவில்லை, அதை அவன் திருத்தட்டும் என்று விட்டுவிட்டோம்.