பல் பிடித்துப் பார்க்காத மாடு

செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்குப் போய் மாடு வாங்குகிற நம்மூர்க்காரர் என்ன செய்வார்? முதலில், தனியாகப் போகமாட்டார். மாடு தெரிந்த ஒருவரை, காப்பி, சாப்பாடு, கைச்செலவு எல்லாம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவார். வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார்கள். சுழி பார்ப்பார்கள். நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். கறவை மாடென்றால் மடியைத் தொட்டுப் பார்த்து, கறந்தும் பார்ப்பார்கள். தரகர் துண்டுக்குள் விரலைப் பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். விற்கிறவரே "மாடு நல்ல மாடு" என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினால் சந்தையே சிரிக்கும்.

அதே நம்மூர்க்காரர், டெல்லியில் நிற்கும் 30 லட்ச ரூபாய்ப் பழைய ஜெர்மன் காரை, விற்கிறவன் நீட்டிய சீட்டை நம்பி வாங்குகிறார். இது என்ன கூத்து என்று கேட்கத்தான் இந்தப் பதிவு.

பாபநாசத்துக்கும் போர்ஷேவுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். வி.கே.புரத்திலிருந்து அம்பாசமுத்திரம் வரை, வீட்டுக்கு ஒரு பிள்ளை வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறான். ஊருக்கு வரும்போது ஓட்ட ஒரு 'பெரிய வண்டி' வேண்டும் அவனுக்கு. (சொரிமுத்தையனார் கோயில் ரோட்டில் அதை எப்படி ஓட்டுவான் என்பது வேறு கதை.) புதிதாக வாங்க ஒரு கோடிக்கு மேல் ஆகும். பழையது டெல்லியில் மலிவு. மலிவுக்குக் காரணமும் உண்டு. 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்றது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்று அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் வயதான வண்டிகளுக்கு பங்க்கில் எண்ணெய் ஊற்றக்கூடாது என்று ஆரம்பித்து, சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், உரிமையாளர்கள் மேல் கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. சட்டம் எந்தப் பக்கம் திரும்பினாலும், எட்டு ஒன்பது வருஷ டீசல் வண்டியை வைத்திருக்கும் டெல்லிக்காரருக்கு வயிற்றில் புளி கரைகிறது. விலை இறங்குகிறது. தரகர்களுக்கு அறுவடை.

என் அண்ணன் மகன் துபாயில் இருக்கிறான். அவன் கண் ஒரு போர்ஷே கயேன் டீசல் மேல் விழுந்தது. போனில் பேசினான்.

"சித்தப்பா, 200 பாயின்ட் செக் பண்ணி சர்டிபிகேட் குடுத்திருக்கான். வீடியோ கால்ல சுத்திச் சுத்திக் காட்டிட்டான். இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காம், இன்னைக்கே டோக்கன் போடச் சொல்லுதான்."

"அந்த சர்டிபிகேட் குடுத்தவனுக்குச் சம்பளம் யாருலே குடுக்கா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை.

என் சண்டை முழுக்க இந்த ஒரு கேள்விதான். பார்க்கிறவனுக்குக் கூலி கொடுப்பது யார்? விற்கிறவன் கூலி கொடுத்தால் அது பரிசோதனை இல்லை, விளம்பரம். அந்த 200 புள்ளிகளில் பாதி என்ன தெரியுமா? வைப்பர் ஓடுகிறதா, ஹாரன் அடிக்கிறதா, சீட் பெல்ட் இருக்கிறதா, பாட்டுப் பெட்டி பாடுகிறதா. இதையெல்லாம் நம் வீட்டுப் பேரப்பிள்ளையே பார்த்துச் சொல்லிவிடும். அடியில் பொடி எழுத்தில், 'வண்டியின் நிலைக்கு இது உத்தரவாதம் ஆகாது' என்று ஒரு வரியும் இருக்கும். உத்தரவாதம் இல்லையென்றால் எதற்கு ஐயா பச்சை முத்திரை?

நான் மின்வாரியத்தில் காலம் கழித்தவன். ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால், அது லாரியில் ஏறும் முன்பே நம் பொறியாளர் தொழிற்சாலைக்குப் போய்ப் பக்கத்தில் நின்று சோதனை பார்ப்பது வழக்கம். தயாரிப்பாளர் பெரிய பெயர்தான். அவர்கள் சோதனைச் சான்றிதழும் கட்டுக்கட்டாகத் தருவார்கள்தான். ஆனாலும் நம் ஆள் போவார். இதில் யாரும் யாரையும் அவமானப்படுத்துவதாக நினைத்ததில்லை. "நம்பிக்கைதான் சித்தப்பா வியாபாரம்" என்கிறான் இவன். எனக்குத் தெரிந்து, சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத கம்பெனியிடம் வாரியம் ஒரு சுவிட்ச்கூட வாங்கியதில்லை.

இதைப் படிப்பாளிகளும் சொல்லியிருக்கிறார்கள். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் குறை விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் எல்லா வண்டிக்கும் சுமாரான விலைதான் கிடைக்கும், நல்ல வண்டிக்காரன் சந்தையை விட்டே போய்விடுவான் என்பது சாரம். மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் சந்தைக்காரருக்குப் பரிசு கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, 2500 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிற வண்டியை எப்படிப் பார்ப்பது? நீங்களே ஆள் பிடிக்க வேண்டும். விற்கிறவன் "எனக்குத் தெரிந்த மெக்கானிக் இருக்கான்" என்று கொடுக்கும் நம்பர் ஆகாது. அந்தக் கம்பெனி வண்டிகளையே பார்க்கிற, அதற்குரிய கணினிக் கருவி வைத்திருக்கிற, வண்டி வாங்கி விற்கும் தொழில் செய்யாத பட்டறை வேண்டும். கூலியை நீங்கள் நேரே அனுப்புங்கள்; அறிக்கை உங்களுக்கு நேரே வரட்டும். விலை எவ்வளவு என்று அவரிடம் சொல்லாதீர்கள். தெரிந்தால், "இந்த விலைக்கு இது பரவாயில்லை சார்" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் வேலை வண்டியைப் பார்ப்பது, விலையை நியாயப்படுத்துவது இல்லை. பரிசோதனையில் தேறாவிட்டால் டோக்கன் பணம் திரும்ப வரும் என்று விற்கிறவனிடம் எழுத்தில் வாங்கிய பிறகுதான் ஒரு ரூபாய் போக வேண்டும்.

அவர் என்ன பார்க்க வேண்டும்? வண்டி ஆறிக் கிடக்கும்போது போய் முதல் ஸ்டார்ட்டைத் தானே கேட்க வேண்டும். "சூடு பண்ணி ரெடியா வச்சிருக்கேன்" என்று விற்கிறவன் சொன்னால் அங்கேயே சந்தேகம். இந்த மூன்று லிட்டர் டீசல் இன்ஜினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரத்தில் இருக்கிறது. ஆறிய இன்ஜின் கிளம்பும் முதல் சில நொடிகளில் அது கரகரத்தால், அதை மாற்றக் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்க வேண்டும். சூடான இன்ஜினில் அந்தச் சத்தம் ஒளிந்துகொள்ளும். காற்று சஸ்பென்ஷன் இருந்தால், ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இந்தக் கயேன்களில் பேர்போன தலைவலி. மெதுவாக முடுக்கும்போது வண்டி குதிக்கிறதா என்று ஓட்டித்தான் தெரிந்துகொள்ள முடியும். பெயின்ட் கனம் அளக்கும் சின்னக் கருவி உண்டு. ஒரு கதவில் மட்டும் கனம் இரட்டிப்பாக இருந்தால் அந்தக் கதவுக்கு ஒரு கதை இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் கரைந்த வாயுவைப் பார்த்து உள்ளே என்ன எரிகிறது என்று சொல்வோமே, அதேபோல இன்ஜின் ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இரும்பும் செம்பும் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது உள்ளே எது தேய்கிறது என்று சொல்லிவிடும்.

மீட்டர் கிலோமீட்டரை மட்டும் நம்பவே கூடாது. லேப்டாப் வைத்து அரை மணியில் குறைத்துவிடுகிறார்கள். ஆனால் இந்த வகை வண்டியில் ஒன்றல்ல, பல கணினிகள். பல வண்டிகளில் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கும் தனியாக இருக்கும். பவர் ஹவுஸில் மெஷின் ஓடிய மணிக்கணக்கை எழுதி எழுதிப் பழகியவனுக்கு இது பால் குடிப்பது மாதிரி. 3,900 மணி நேரம் ஓடிய வண்டி 48,000 கிலோமீட்டர்தான் போயிருக்கிறது என்றால், சராசரி வேகம் மணிக்கு 12 சொச்சம். மாட்டு வண்டியோடு போட்டி போட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அண்ணன் மகனுடைய வண்டியில் மாட்டியது வேறு வழியில். கோளாறு ஏற்பட்டால் எத்தனையாவது கிலோமீட்டரில் ஏற்பட்டது என்பதையும் சேர்த்து இந்த வண்டிகளின் கணினி எழுதி வைக்கும். மீட்டர் காட்டியது 48,000. நாங்கள் அனுப்பிய ஆள், கியர்பாக்ஸ் கணினியில் தூங்கிக் கிடந்த ஒரு பழைய கோளாறைப் படித்தார். பதிவானது 91,000 சொச்சம் கிலோமீட்டரில். நாளைக்கு வரப்போகிற கோளாறை இன்றைக்கே எழுதிவைக்கும் கணினியை ஜெர்மன்காரன் இன்னும் செய்யவில்லை.

இதற்கு ஆன செலவு, அந்த வண்டிக்கு ஒரு டயர் வாங்கும் காசுக்கும் குறைவு. "பார்க்கிறதுக்கே இவ்வளவா?" என்றுதான் இவனும் முதலில் முனகினான்.

வெள்ளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அம்பாசமுத்திரத்தில் ஒரு நண்பர் மும்பையிலிருந்து ஒரு சொகுசு வண்டியை, படத்தை மட்டும் பார்த்து இறக்கினார். ஒரு மாதத்தில் ஒவ்வொன்றாக மக்கர். ஒரு நாள் கண்ணாடி இறங்காது, ஒரு நாள் ஸ்டார்ட் ஆகாது. கடைசியில் திருநெல்வேலி மெக்கானிக் ஒருவர் சீட்டைக் கழற்றி, தரை விரிப்பைத் தூக்கினார். பஞ்சுக்குள் மாவு மாதிரிக் காய்ந்த வண்டல். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தால் கடைசி ஒரு முழம் வேறு நிறம். விற்றவன் போனை எடுக்கவில்லை. பிள்ளை கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அது. வண்டி இன்னும் அவர் வீட்டுத் தொழுவத்தில்தான் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது.

வெள்ளம் நமக்குப் புதிதா? 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி நெல்லைக்குள் புகுந்தது. அந்த மாதம் ஆரம்பத்தில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்தது; 2015 டிசம்பரில் அதற்கும் மேல். மூழ்கிய வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முழுப் பணம் கொடுத்துவிட்டு, வண்டியை ஏலத்தில் விடுகிறது. ஏலம் எடுத்தவன் கழுவி, சென்ட் அடித்து, வெள்ளமே பார்க்காத ஊரில் விற்கிறான். நம் சேற்று வண்டி வடக்கே போகிறது. அவர்கள் சேற்று வண்டி இங்கே வருகிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இப்படிப்பட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே முத்திரை குத்திவிடுகிறார்கள். நம் ஆர்.சி.யில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது. யார் பெயரில் இருக்கிறது, கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்றெல்லாம் வாகன் தளம் சொல்கிறது. மூழ்கியதா என்ற ஒரு வரியை அதில் சேர்க்க என்ன கஷ்டம்? கம்பெனிகளிடம் கணக்கு இருக்கிறது. கொடுக்கச் சொல்லித்தான் ஆளில்லை.

2022 டிசம்பரில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறை. பழைய வண்டி வியாபாரி அங்கீகாரம் வாங்க வேண்டும். வண்டி அவர் கைக்கு வந்ததைப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு பொறுப்பும் அவருடையது. நல்ல விதி. விற்கிறவனிடம் அந்த அங்கீகாரச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் பேச்சை மாற்றுகிறார்கள் என்று தெரியும்.

காகிதமும் வண்டிதான். 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் துறை 'நும்கோர்' என்று பெயர் வைத்து ஒரு வேட்டை நடத்தியது. பூட்டானிலிருந்து கடத்தி வந்த பழைய சொகுசு வண்டிகள், ராணுவம், தூதரகம் பெயரில் போலிக் காகிதத்தோடு இங்கே பதிவாகி விற்கப்பட்டன என்பது புகார். சினிமா நட்சத்திரங்கள் வீட்டு வாசலிலேயே அதிகாரிகள் போய் நின்றார்கள். அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார். நமக்கு? சேஸிஸ் நம்பரை வண்டியில் நேரே படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடச் சொல்லுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் திருட்டு வண்டியா என்று பார்க்கலாம். டெல்லி அலுவலகத்தின் தடையில்லாச் சான்று கைக்கு வராமல் முழுப் பணம் போகக்கூடாது. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்; ஆயுள் வரியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் டெல்லி மலிவு பாதி கரைந்துவிடும்.

டெல்லிக்காரனிடம் 91,000 பற்றிக் கேட்டோம். "அது மெஷின் தப்பு, வேணும்னா வாங்குங்க, இல்லைன்னா ஆள் இருக்கு" என்றான். டோக்கன் கொடுக்காததால் அதோடு முடிந்தது. போன வாரம் அண்ணன் மகன் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தான். அதே வண்டி, அதே படங்கள். மீட்டர் 48,000. 'சான்றளிக்கப்பட்டது' என்று மேலே பச்சை முத்திரை. பதிவெண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். டெல்லியில் வண்டி பார்க்கிற நம்மூர்ப் பிள்ளைகள் யாராவது இருந்தால் கேளுங்கள், தருகிறேன்.