கதீட்ரல் சாலையில் ஒரு நினைவுக்கல்



கதீட்ரல் சாலை வழியாக நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் போகிறோம். அங்கே காந்தியின் நினைவாக ஒரு கல் நிற்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? 1919 மார்ச்சில் ராஜாஜியின் விருந்தினராக அவர் தங்கிய வீடு அங்கேதான் இருந்தது. ஆங்கிலேய அரசின் அடக்குமுறைச் சட்டமான ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுவதும் ஹர்த்தால் நடத்தும் எண்ணம் அவருக்குக் கனவில் உதித்ததும் அந்த வீட்டில்தான்.

நாட்டையே எழுப்பத் துணிந்த அந்த மன உறுதி தென்னாப்பிரிக்காவில் விளைந்தது. ஓராண்டு வழக்கு வேலைக்காக 1893-இல் போனவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் நிறவெறியால் இறக்கிவிடப்பட்டார். திரும்பிவிடாமல் நின்று போராடினார். 1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் வேலைக்காரர் கிடையாது. சமையலும் துப்புரவும் எல்லோருக்கும் பொது. காந்தி அங்கே செருப்புத் தைத்தார், பிள்ளைகளுக்குத் தமிழும் கற்பித்தார். ஆன்மிகம் என்பது கைவேலையிலும் அச்சமின்மையிலும் இருக்கிறது என்று அந்த மண் அவருக்கு உணர்த்தியது. அந்தப் போராட்டத்தில் சிறை சென்று நோயுற்று, 1914 பிப்ரவரி 22-இல் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது பதினாறு. அவரைப் போன்ற எளிய தமிழர்களும் காந்திக்கு ஆசான்களே.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை அந்த நினைவுக்கல்லுக்கும், வெங்கடநாராயணா சாலையில் உள்ள காந்திய நிறுவனமான தக்கர் பாபா வித்யாலயத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். வள்ளியம்மையின் கதையை அங்கே வைத்துச் சொல்லுங்கள். திரும்பியதும் வகுப்பறையை அவர்களே கூட்டட்டும்.

— ஒரு வாசகர், மயிலாப்பூர், சென்னை-4