வட்ட மேசையில் இடம் கேட்டோர்

தோழனே!

கென்னடியின் ஆட்சிக்குக் ‘கேமலாட்’ என்று ஒரு செல்லப்பெயர் உண்டு, கேட்டிருப்பாய். அது அரசியல் மேடையில் பிறந்த பெயர் அன்று; ஆடலும் பாடலும் நிறைந்த நாடக மேடை தந்த பெயர்!

1960 டிசம்பர் 3-ஆம் நாள் நியூயார்க் நகரிலே அந்த இசை நாடகம் அரங்கேறிற்று. கென்னடி தேர்தலில் வென்று நான்கு வாரங்கூட நிறையாத நேரம். பாடல்களை எழுதிய ஆலன் லெர்னர், கென்னடியுடன் பள்ளியில் பயின்றவர். ஆர்தர் மன்னனாக ரிச்சர்டு பர்ட்டன், அரசியாக ஜூலி ஆண்ட்ரூஸ். 873 முறை நடைபெற்றது.

கதை பழையது, மாலரி எழுதிய ஆர்தர் கதையைக் காக்ஸ்டன் அச்சிட்டதே 1485-இல். ஆனால் நாடகம் எழுப்பிய வினா, என்றும் பழையதாகாத வினா! வலிமையே நீதி என்றிருந்த நாட்டில், நீதிக்காகவே வலிமை என்கிறான் மன்னன். தலைப்பக்கம், கடைப்பக்கம் என்ற பேதமற்ற வட்ட மேசையை இடுகிறான். வாள் தீர்த்து வந்த வழக்கை இனி மன்றம் தீர்க்கட்டும் என்கிறான். அந்தச் சட்டமே, லான்சலாட்டைக் காதலித்த அவன் அரசியைத் தீயிலிடத் தீர்ப்பளிக்கிறது! காத்தால் சட்டம் சாகும். கைவிட்டால் அவள் சாவாள். லான்சலாட் அவளை மீட்டுச் செல்ல, மேசை பிளக்கிறது, போர் மூள்கிறது.

1963 நவம்பர் 22-ஆம் நாள் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில் அவர் துணைவியார் ஜாக்குலின், எழுத்தாளர் தியோடர் ஒயிட்டிடம், இரவு நேரங்களில் அந்த இசைத்தட்டைக் கணவர் விரும்பிக் கேட்பார் என்றார். ‘லைஃப்’ இதழ் அதனை வெளியிட்டது, பெயர் நிலைத்தது. வரலாற்றைத் தவறாகப் படித்ததன் விளைவே அது என்று பிற்காலத்தில் ஒயிட்டே எழுதினார்.

கணவரை இழந்தவரின் துயரை நான் குறை கூறேன். நாட்டைத்தான் கேட்கிறேன்: முற்பகுதியின் ஒளியை அள்ளிக்கொண்டோர், பிற்பகுதியின் தீயை மறந்ததேன்? அமெரிக்க வட்ட மேசையில் இடம் கேட்டு நின்றோர் கறுப்பின மக்கள் அன்றோ! அவர்களுக்கான குடியுரிமை மசோதாவைக் கென்னடி 1963 ஜூனில் அனுப்பினார். அவர் மறைந்தபோது அது கீழவைக் குழுவிலே கிடந்தது. மேலவையிலோ, தென்மாநில உறுப்பினர்கள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் பேசிப் பேசியே அதைப் புதைக்க முயன்றனர். 1964 ஜூன் 10-ஆம் நாள், 71-க்கு 29 என்ற கணக்கில் அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. ஜூலை 2-இல் ஜான்சன் கையொப்பமிட்டார்.

அந்த 71 பேரில் ஒருவர், கலிபோர்னியாவின் கிளேர் எங்கிள். மூளைக் கட்டியால் பேச்சிழந்தவர். சக்கர நாற்காலியில் அவைக்குக் கொண்டுவரப்பட்டார். ஆங்கிலத்திலே வாக்களிப்போர் கூறும் ‘ஆம்’ என்ற சொல்லுக்கும் கண்ணைக் குறிக்கும் சொல்லுக்கும் ஒலி ஒன்றே. பெயர் அழைக்கப்பட்டதும், அவர் விரலை உயர்த்தித் தம் கண்ணைச் சுட்டிக் காட்டினார்.