உள்ளே இருப்பது கண்ணாடி, சொல்லி விற்போம்

மின்நூல் வாசிப்புக் கருவி விற்கும் கடைகளில் எழக்கூடிய பிணக்கு ஒன்று உண்டு. "கீழே விழவில்லை, திரையில் ஒரு கீறலும் இல்லை. பையிலிருந்து எடுத்தால் பாதித் திரை வேலை செய்யவில்லை" என்பார் வாங்கியவர். "நீங்கள் உடைத்துவிட்டீர்கள்" என்பார் கடைக்காரர். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

காரணம் திரையின் அமைப்பிலேயே இருக்கிறது. கைத்தொலைபேசியில் கண்ணாடி முன்பக்கம் இருக்கிறது. வெடித்தால் கண்ணுக்குத் தெரியும். 2007இல் வந்த கிண்டில் முதல், பெரும்பாலான வாசிப்புக் கருவிகளில் மின்மை அடுக்கு பிளாஸ்டிக் படலத்தில் இருக்க, அதை இயக்கும் நுண்ணிய மின்சுற்று பின்னால் உள்ள மெல்லிய கண்ணாடித் தகட்டில் அமைந்திருக்கிறது. பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், கண்ணாடி கொடுக்காது. பைக்குள் ஒரு சாவிக் கொத்து அழுத்தினாலோ, கருவி சற்று முறுகினாலோ தகடு வெடித்துவிடும். மேலே தடவிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இன்னொரு விடயம். இத்திரையில் மின்சாரம் இல்லாமலும் படம் அப்படியே நிற்கும். ஆகவே உள்ளே வெடித்த திரையும் பழைய படத்தைக் காட்டிக்கொண்டிருக்கலாம். பக்கம் புரட்டும்போதுதான் கோடுகளும் உறைந்த பகுதிகளும் வெளிப்படும்.

கண்ணாடிக்குப் பதிலாக பிளாஸ்டிக் தகடு வைத்த கருவிகளும் வந்தன. 2013இல் சோனி வெளியிட்ட பெரிய திரைக் கருவி அத்தகையது. ஆனால் கண்ணாடித் தகட்டைக் கொண்டு செய்வதே உற்பத்தியாளர்களுக்குப் பழகிய வழி. எனவே கடைக்கு வரும் கருவிகளில் அதுவே அதிகம்.

இந்நிலையில் வியாபாரி செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, விற்கும்போது வாடிக்கையாளரின் கண்முன்னே கருவியை இயக்கி நாலைந்து பக்கங்கள் புரட்டிக் காட்டுவது. பெட்டியைத் திறந்து படத்தைக் காட்டுவது மட்டும் போதாது. இரண்டாவது, களஞ்சியத்தில் இப்பெட்டிகளின் மேல் பாரம் ஏற்றாதிருப்பது. மூன்றாவது, திரை உடைவுக்கு உத்தரவாதம் இல்லையென்றால் அதைப் பற்றுச்சீட்டின் மூலையில் சின்ன எழுத்தில் போட்டுவிட்டு இருந்துவிடாமல், காசு வாங்குமுன் வாயால் சொல்வது. திரை மாற்றும் செலவு சிலவேளை புதிய கருவியின் விலையை நெருங்கிவிடும். அதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். கெட்டியான உறை ஒன்றையும் அப்போதே பரிந்துரைக்கலாம்.

"இதையெல்லாம் சொன்னால் யார் வாங்குவார்?" என்று சிலர் கேட்பர். உடையும் என்று தெரிந்தும் மக்கள் கண்ணாடிக் கோப்பை வாங்கத்தான் செய்கிறார்கள். கவனமாகக் கொண்டு போகிறார்கள். சொல்லாமல் விற்றால் அன்றைய இலாபம் கிடைக்கும். உடைந்த கருவியோடு திரும்பி வருபவர், கடையின் நம்பிக்கையையும் உடைத்துவிட்டே போவார்.