ஆயாவின் பெயர் என்ன?

பெண் விஞ்ஞானியைப் புகழ நம்மிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது: வீட்டையும் ஆய்வகத்தையும் இரு கண்களாகக் காத்தார். ஆண் பேராசிரியருக்கு யாரும் இப்படி எழுதுவதில்லை. வீடு அவருக்கு உண்டு, உறங்கி, எழுந்து போகிற இடம். அதைக் காப்பது வேறொருத்தியின் வேலை.

இந்த வாக்கியம் புகழ்ச்சி அல்ல, ஒரு தந்திரம் என்கிறேன். வேதியியல் பேராசிரியர் அசீமா சாட்டர்ஜியின் வாழ்க்கையை வைத்தே அதைச் சொல்ல முடியும்.

1917இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1940இல் லேடி பிரபோர்ன் கல்லூரியில் வேதியியல் துறையைத் தொடங்கி அதன் தலைவரானார். 1944இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம் பெற்றார், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். 1954இல் பல்கலைக்கழக ரீடர், 1962 முதல் 1982 வரை கைரா பேராசிரியர். செடிகொடிகளுக்குள் இருக்கும் வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் அமைப்பைக் கண்டறிவதே அவருடைய வாழ்நாள் வேலை. நம் வயல்களில் நாலிலையாக முளைக்கும் ஆரைக்கீரை இனத்திலிருந்தும் சடாமாஞ்சியிலிருந்தும் வலிப்பு நோய்க்கான மருந்தை உருவாக்கினார். 1961இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் பெண். 1975இல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்த முதல் பெண் விஞ்ஞானியும் அவரே.

அவருக்கு இசையும் தெரியும். இளமையில் 14 ஆண்டுகள் இந்துஸ்தானி வாய்ப்பாட்டு பயின்றவர். துருபத், கயால் இரண்டும் பாடுவார். ஆண் பேராசிரியர் வயலின் வாசித்தால் அவரைப் பன்முக மேதை என்போம். பெண் பேராசிரியர் பாடினால், எவ்வளவு படித்தும் நம் பண்பாட்டை விடவில்லை என்று நிம்மதி அடைவோம். ஒரே இசைதான். அவனுக்குச் சிறகாவது அவளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் ஆகிவிடுகிறது.

'தனிப்பட்ட விருப்பங்கள்' என்று தன்விவரக் குறிப்பில் எழுத, முதலில் ஒருவருக்கு மிச்ச நேரம் வேண்டும். ஆய்வுக்கும் அப்படித்தான். உலையில் ஏற்றிய கரைசல், பள்ளி விடும் நேரம் பார்த்துக் கொதிப்பதில்லை. அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

1947இல் அசீமா மேலாய்வுக்காக அமெரிக்கா போனார். விஸ்கான்சின், பிறகு கால்டெக், அதன்பின் சூரிச்சில் பால் காரரின் ஆய்வகம். உடன் போனது கைக்குழந்தையான மகள். அவர்களோடு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவும் போனார். நான் படித்த குறிப்புகள் எல்லாம் ஆயாவை அரை வரியில் கடந்துவிடுகின்றன. எதிலும் அவர் பெயர் இல்லை. அந்தப் பெண் குழந்தையைத் தூங்கவைத்த மணிகள்தான் அசீமா ஆய்வகத்தில் நின்ற மணிகள். இதைச் சொல்வதால் அசீமாவின் அறிவு ஒரு குன்றிமணியும் குறையாது. இரு கண்களாகக் காத்தார் என்ற கதைதான் பொய்யாகிறது. காப்பதற்கு ஆள் வைக்க அந்தக் குடும்பத்துக்கு வசதி இருந்தது. வசதி இல்லாத வீட்டின் அசீமாக்கள் எந்தக் குறிப்பிலும் இல்லை.

வசதியும் ஆற்றலும் இருந்தும் கதவு திறக்காத கதையும் உண்டு. தர்ஷன் ரங்கநாதன், 1941இல் டெல்லியில் பிறந்த கரிம வேதியியலாளர். அவர் கணவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். கணவனும் மனைவியும் அங்கே ஆசிரியராக இருக்கக்கூடாது என்றொரு எழுதப்படாத விதி. ஆகவே தர்ஷன் பல ஆண்டுகள் ஆய்வு உதவித்தொகைகளை நம்பியே அங்கு உழைத்தார். புரதங்களின் வேதியியலில் உலகம் கவனித்த கட்டுரைகளை எழுதினார். ஆசிரியர் பதவி மட்டும் கிடைக்கவில்லை. 1993இல் திருவனந்தபுரத்துக்கும் 1998இல் ஹைதராபாத்துக்கும் போன பிறகே பதவிகள் வந்தன. 2001இல், தன் அறுபதாவது பிறந்தநாளன்று, மார்பகப் புற்றுநோயால் இறந்தார். விதி இருவருக்கும் பொதுவாம். ஆனால் வெளியே நின்றது மனைவி.

எழுதப்படாத விதிக்கு ஒரு வசதி. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. முனைவர் பட்டச் சேர்க்கை நேர்காணலில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி தொல்காப்பியத்தைப் பற்றியதல்ல. "கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை இருக்கா?" என் பக்கத்தில் காத்திருந்த ஆணிடம் அவர்கள் ஆய்வுத் தலைப்பைக் கேட்டார்கள். கவிதை எழுத வந்தபோதும் இதே கதைதான். சமையலுக்கு நடுவில் எப்படி எழுதுகிறீர்கள் என்று மேடையிலேயே கேட்டார்கள். கவிதை எப்படி என்று கேட்கவில்லை.

அசீமாவுக்குப் பிறகு வேதியியலில் பட்நாகர் விருது அடுத்த பெண்ணுக்கு எப்போது கிடைத்தது தெரியுமா? 2009இல், சாருசீதா சக்ரவர்த்திக்கு. 48 ஆண்டுகள். இத்தனை காலமும் இந்தியப் பெண்களுக்கு வேதியியல் வரவில்லையா? வகுப்பறைகளில் அவர்கள் நிறைந்திருக்கிறார்கள். பேராசிரியர் அறைகளுக்குப் போகும் வழியில் எங்கோ காணாமல் போகிறார்கள். போகிற இடம் நமக்குத் தெரியும். திருமணம், பிரசவம், மாமியாரின் படுக்கை, கணவரின் பணிமாற்றம். 'முதல் பெண்' என்று ஒருத்திக்கு மாலை போட்டுவிட்டு, இரண்டாவது பெண் ஏன் வரவில்லை என்று கேட்காமலிருப்பதுதான் அந்தத் தந்திரம். அவள் சமாளித்தாளே, நீ ஏன் சமாளிக்கவில்லை என்று குற்றம் நம் தலையில் விழும். நிறுவனம் கை கழுவிவிடும்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியை 2017இன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. உங்கள் பல்கலைக்கழகத்தில் அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது? ஆய்வு மாணவியின் குழந்தைக்கும் அங்கே இடமுண்டா? மகப்பேற்றுக்காக விட்ட ஆண்டுகளை உதவித்தொகையின் வயது வரம்பில் கழித்துக்கொள்கிறார்களா? இரவு பத்து மணிக்கு ஆய்வகம் விட்டு விடுதிக்குத் திரும்பப் பேருந்து உண்டா? விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது?

மாணவிகளே, எப்படிச் சமாளிக்கப்போகிறாய் என்று யாராவது உங்களைக் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். இந்தக் கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். சமாளிக்க வேண்டியது அவர்கள்.