காத்திருப்பும் வேலைதான்

நெரிசல் முற்றிய நாட்களில் எண்ணூர் விரைவுச் சாலை வழியாக இரவில் போனவர்களுக்கு அந்த வரிசை தெரியும். சென்னைத் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து, திருவொற்றியூர்ப் பக்கம் வரை கன்டெய்னர் லாரிகள் நீண்டு நிற்கும். முன்னால் நிற்கும் வண்டி இருபதடி நகர்ந்தால் பின்னால் இருப்பவரும் உடனே நகர்த்தியாக வேண்டும். அசந்து கண்ணை மூடினால் அந்த இடைவெளியில் வேறொரு வண்டி புகுந்துவிடும். அதனால் ஓட்டுநர் தூங்குவதில்லை. சீட்டுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் கேன், மடியில் ஒரு சோற்றுப் பொட்டலம். அவசரத்துக்கு ஒதுங்கக் கழிப்பறை இல்லை. இருந்தாலும் வண்டியை விட்டுவிட்டுப் போக வழியில்லை. இப்படிக் கழியும் இரவுக்கு அவருக்குக் கூலியும் இல்லை.

லாரி ஓட்டுநர் கை நிறையச் சம்பாதிக்கிறார் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. சென்னையில் கன்டெய்னர் ஓட்டுபவர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் என்பதே பேச்சளவில்தான். வருமானம் நடைக்கணக்கில் வருகிறது. ஒரு நடை முடிந்தால் பேட்டா, முடியாவிட்டால் இல்லை. வழியில் சாப்பாடும் பல நேரங்களில் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

புரிவதற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நடைக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் சரக்கு ஏற்றித் துறைமுகத்தில் இறக்குவது, வழி சரியாக இருந்தால் ஒரு நாள் வேலை. மாதம் 25 நடை, 25,000 ரூபாய். நுழைவாயில் வரிசையில் ஒவ்வொரு நடைக்கும் இன்னொரு நாள் போனால் 12 நடைதான் தேறும். கையில் வருவது 12,000 ரூபாய். ஓட்டுநர் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஊரின் நெரிசல் அவர் குடும்பத்தின் வருமானத்தைப் பாதியாக்கிவிட்டது.

அந்த நெரிசலை உண்டாக்கியவரும் அவர் அல்லர். நகரத்துக்குள் பகலில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அதற்கு மாற்றாக வந்திருக்க வேண்டிய மதுரவாயல் - துறைமுகம் உயர்மட்டச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-இல் பணி நின்றது. 2022 மே மாதம் மீண்டும் அடிக்கல் நாட்டினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளின் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்களில் முதல் ஆள், வரிசையில் நின்ற ஓட்டுநர்.

இதே தொழிலில் காத்திருப்புக்கு விலை இல்லாமல் இல்லை. இலவச நாட்கள் முடிந்த பிறகும் துறைமுகத்தில் கிடக்கும் பெட்டிக்குத் தரை வாடகை உண்டு. கப்பல் நிறுவனத்தின் காலிப் பெட்டியைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் அதற்கும் கட்டணம் உண்டு. லாரி நின்றால்கூட, பேசி வாங்கத் தெரிந்த உரிமையாளர் ‘ஹால்டிங்’ பணம் கேட்கிறார். இரும்புப் பெட்டி காத்திருந்தால் நாள் கணக்கில் பணம். அதை இழுத்து வந்த மனிதர் காத்திருந்தால் ஒன்றுமில்லை. இந்த அநியாயத்தை இனியும் தொழில் வழக்கம் என்று சொல்லி மூடிவைக்கக் கூடாது.

சட்டமும் இதில் பாதி வழிதான் வந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டிருக்கும் நேரமே வேலை நேரம் என்றும் சொன்னது. ஆனால் முனையங்களில் சும்மா காத்திருப்பது பற்றிப் பேசும்போது, 15 நிமிடத்துக்குக் குறைவான காத்திருப்பை மட்டுமே பெயர் சொல்லிச் சேர்த்தது. 15 மணி நேரம் நிற்பவரின் கணக்கு இந்தச் சந்தில்தான் தொலைந்துபோகிறது. போதாக்குறைக்கு, ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனங்களுக்கே அந்தச் சட்டம் பொருந்தியது. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவரிடம் ஓட்டுபவர் தொடக்கத்திலிருந்தே அதன் நிழலுக்கு வெளியே நின்றார்.

சிறு உரிமையாளரின் நிலைமையையும் நாம் மறக்கவில்லை. டீசல், டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி., ஃபைனான்ஸ் தவணை எல்லாம் கட்டிய பிறகு அவர் கையிலும் பெரிதாக மிஞ்சுவதில்லை. பல வண்டிகளில் உரிமையாளரே ஓட்டுநர். அதனால்தான் காத்திருப்புக் கூலியை அவர் தலையில் கட்டக் கூடாது என்கிறோம். சரக்கை அனுப்புபவரும், கப்பல் நிறுவனமும், முனையமும் சேர்ந்து ஏற்க வேண்டிய செலவு இது. தாமதத்துக்குத் தாங்களே பணம் கட்ட வேண்டும் என்று வந்தால், வரிசையைக் குறைக்கும் அக்கறையும் அவர்களுக்குத் தானாக வரும்.

1961 சட்டம் இப்போது 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. தமிழக அரசு அதன் விதிகளிலேயே, வரிசையில் நிற்கும் நேரமும் வேலை நேரம் என்று ஐயத்துக்கு இடமின்றி எழுத வேண்டும். நடை எத்தனையானாலும் குறையாத அடிப்படை மாதச் சம்பளம் ஓட்டுநரின் வங்கிக் கணக்கில் விழ வேண்டும். பேட்டா அதற்கு மேல் வரட்டும். காத்திருப்புக் கூலியைத் துறைமுகம் தன் கட்டண அட்டவணையிலேயே தனி வரியாகச் சேர்க்கலாம். வரிசை தொடங்கும் இடத்தில் வண்டி எண்ணையும் நேரத்தையும் பதிவு செய்வது ஒன்றும் பெரிய காரியமல்ல. அந்தச் சாலையோரம் கழிப்பறையும் குடிநீரும் அமைக்க எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு ஆணையிட்டது. நல்ல முடிவு. ஓட்டுநரும் மனிதர், அவருக்கும் வேர்க்கும் என்று அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. அவருக்கும் வாடகை இருக்கிறது, பள்ளிக் கட்டணம் இருக்கிறது, மளிகைக் கடன் இருக்கிறது என்பதையும் அடுத்து ஒப்புக்கொள்ள வேண்டும். தூக்கம் கெட்ட கண்களோடு நாற்பதடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு அவர் நம் தெருக்கள் வழியாகத்தான் வருகிறார். அவருடைய காத்திருப்புக்குக் கூலி கொடுங்கள். அது சலுகையல்ல, அவர் செய்து முடித்த வேலைக்கான பாக்கி.